பெயர் கேளாமல் கடந்த ஊர்கள்

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களுக்கு வழிகாட்டியாக நாடு சுற்றுவது, என்னைப் போல் பத்திரிகைத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர்களுக்கு வருடந்தோறும் வந்து சேரும் பணிகளில் ஒன்று. 2025 ஆகஸ்டில் ரொறன்ரோவிலிருந்து எனது தம்பியின் குடும்பம் வந்திருந்தது. எல்ல, பண்டாரவளை என்று நான்கைந்து நாட்கள் சுற்றிவிட்டு அவர்கள் பதுளைக்கு வர, நான் அங்கே அவர்களோடு இணைந்துகொண்டேன். பதுளையிலிருந்து மட்டக்களப்புக்கு, கல்லடியில் உள்ள எமது பழைய வீட்டுக்கு, ஒரே பகலில் வானில் வந்து சேர்வது என்பது ஏற்பாடு. அந்த ஒரு பகலைப் பற்றியும், அந்தப் பகலில் நான் செய்யத் தவறிய ஒரு சிறு காரியத்தைப் பற்றியுமே இங்கு எழுதுகிறேன்.

ஏ-5 என்று இலக்கமிடப்பட்ட நெடுஞ்சாலை பேராதனையில் தொடங்கி நுவரெலியா, வெலிமடை, பதுளை ஊடாகச் செங்கலடிக்கு வந்து முடிகிறது. பதுளைக்கும் செங்கலடிக்கும் இடையிலான தூரம் ஏறத்தாழ 150 கிலோமீற்றர். போர்க்காலத்தில் இதன் கிழக்குப் பகுதியால் பயணம் செய்வது ஆபத்தாகவும், பல வேளைகளில் முடியாததாகவும் இருந்தது. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ போகவேண்டியவர்கள் பொலன்னறுவையைச் சுற்றியே போனோம். இன்று சவூதி அபிவிருத்தி நிதியம் உள்ளிட்டவற்றின் கடனுதவியோடு வீதி அகலமாக்கப்பட்டுள்ளது. முன்னர் பஸ்ஸில் ஒரு முழு நாளை விழுங்கிய பாதையை இப்போது காலை உணவுக்கும் மாலைத் தேநீருக்கும் இடையில் கடந்துவிடலாம்.

அழகான பாதை என்பதில் எனக்கு ஐயமில்லை. பதுளையை விட்டுப் பசறையை நோக்கி ஏறும்போது நமுனுகுலை மலை தலையில் முகிலைச் சுமந்துகொண்டு கூடவே வருகிறது. பசறையைத் தாண்டி லுணுகலைப் பக்கம் வீதி மலையின் விலாவை ஒட்டி வளைந்து வளைந்து இறங்குகிறது. ஒரு பக்கம் பாறைச் சுவர், மறு பக்கம் பள்ளத்தாக்கு. கீழே நீரோடை. அதற்கப்பால் தேயிலை, அதற்கும் கீழே இறப்பர், மிளகுக் கொடி ஏறிய மரங்கள். இடைக்கிடை வரிசையாக லயன் வீடுகளின் தகரக் கூரைகள்.

அப்படியொரு வளைவில்தான் வாகனத்தை நிறுத்தச் சொன்னாள் என் தம்பியின் மகள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், படம் எடுப்பதில் விருப்பமுள்ளவள். எதிர்ச் சரிவில் ஒரு லயன். அதன் முன்னால் நின்ற நான்கைந்து பிள்ளைகள் எம்மைக் கண்டதும் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டினார்கள். இவளும் கை காட்டினாள். படம் எடுத்தாள். பின்பு என்னிடம் கேட்டாள்:

"பெரியப்பா, இந்த இடத்துக்கு என்ன பேர்?"

எனக்குத் தெரியவில்லை. ஓட்டுநரைப் பார்த்தேன். அவர் செங்கலடிப் பக்கத்து இளைஞர். "அது ஏதோ தோட்டம், ஐயா" என்றார். கைத்தொலைபேசி வரைபடத்தைத் திறந்து பார்த்தாள். பச்சை நிறப் பரப்பில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. பத்து நிமிடம் ஒதுக்கி, வீதியோரம் நடந்து வந்துகொண்டிருந்த எவரையாவது கேட்டிருக்கலாம். பிபிலையில் மதிய உணவுக்கு நேரமாகிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன்.

அந்த வளைவுகளில் பெயர் பெற்ற இடம் ஒன்று உண்டு. பசறை பதின்மூன்றாம் கட்டை. 2021 மார்ச் 20 ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட தனியார் பஸ் ஒன்று அங்கே பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலையிலிருந்து உருண்டு விழுந்த பாறை ஒன்று அகற்றப்படாமல் வீதியின் ஒரு பகுதியை அடைத்துக்கொண்டிருந்ததை அப்போது எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. வானில் இருந்தவர்களுக்கு அதை நான் விபரமாகச் சொன்னேன். விபத்து நடந்த கட்டையின் இலக்கம் எனக்கு நினைவிருந்தது. பிள்ளைகள் கை காட்டிய சரிவின் பெயர் தெரியவில்லை. இந்த முரண்பாடு அன்று எனக்கு உறைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிபிலையில் சாப்பிட்டோம், அவ்வூருக்குப் பேர்போன தோடம்பழம் வாங்கினோம். மகா ஓயாவில் வெந்நீர்க் கிணறுகளில் கால் நனைத்தோம். அதன் பின் மலைகள் பின்தங்க, காடும் பாறைத் திட்டுகளும் கொண்ட சமதரை தொடங்கியது. அம்பாறை மாவட்ட எல்லையைக் கடந்து மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் நுழைந்ததும் வரும் பெரிய ஊர் புல்லுமலை. தேநீருக்காக அங்கே நிறுத்தினோம்.

கடையை நடத்துபவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. பேச்சு மட்டக்களப்புப் பேச்சாக இல்லை.

"எங்கேருந்து ஐயா வர்றீங்க?"

"பதுளையிலிருந்து, அம்மா."

"எத்தனை மணிக்குக் கெளம்புனீங்க?"

காலை எட்டு மணிக்கு என்றேன். அவர் சிரித்தார். "நாங்க லுணுகலப் பக்கமிருந்து இங்க வந்து சேர நாலு நாளு ஆச்சு" என்றார்.

1977 ஆகஸ்ட் வன்செயலில் வீடு எரிந்து, கைக்குழந்தையோடு லொறியிலும் கால்நடையாகவும் இறங்கி வந்தவர் அவர். அந்த ஆண்டு பொதுத் தேர்தலுக்குப் பின் வெடித்த வன்முறையால் தோட்டங்களை விட்டு ஓடிய மலையக மக்கள் வன்னியிலும் மட்டக்களப்பின் மேற்கு எல்லைப் புறங்களிலும் குடியேறினார்கள். காடு வெட்டிச் சேனை செய்து, கிணறு தோண்டி, புல்லுமலையை அவர்களும் சேர்ந்து ஊராக்கினார்கள். எண்பதுகளின் நடுப்பகுதியில் அங்கும் படுகொலையும் இடப்பெயர்வும் வந்தன. 1990 இல் மீண்டும் ஓட்டம். கிழக்கில் 2007 இல் போர் ஓய்ந்த பின்னரே பலர் திரும்பி வந்தனர். கடைக்கார அம்மாவும் அப்படித் திரும்பியவர்தான். தன் கணவரின் தங்கை குடும்பம் இப்போதும் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறது என்றும், வீதி நல்லாகிவிட்டதால் வருடத்தில் ஒரு தடவை திருவிழாவுக்குப் போய்வருவதாகவும் சொன்னார். தேன் போத்தல் ஒன்று வாங்கினோம். இன்னும் இரண்டு வேண்டுமென்றால் அனுப்பி வைப்பதாகச் சொல்லித் தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்தார். தம்பி மகள் அதைக் குறித்துக்கொண்டாள்.

அதற்குப் பின் வந்த பாதை எனக்குப் பழக்கமானது. கோப்பாவெளி, மரப்பாலம், கரடியனாறு, இலுப்படிச்சேனை, பன்குடாவெளி என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தேன். வெளி என்றால் வயல் வெளி. சேனை என்றால் காடு வெட்டி எரித்துப் பயிரிட்ட நிலம். மடு என்றால் நீர் தேங்கும் பள்ளம். எமது மாவட்டத்தில் ஊர்ப் பெயரே அந்த நிலத்தின் உறுதிப் பத்திரம். கரடியனாறு வந்தபோது, 2010 செப்டெம்பர் 17 ஆம் திகதி அங்கே பொலிஸ் நிலைய வளாகத்தில் வீதி நிர்மாணப் பணிக்காக வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததையும் சொன்னேன்.

செங்கலடி, ஏறாவூர் கடந்து கல்லடிப் பாலத்தை அடைந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் வழியே வாகனங்கள் ஓட, பக்கத்தில் வெள்ளைக்காரர் காலத்து இரும்புப் பாலத்தில் மாலைக் காற்று வாங்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். நாமும் இறங்கி நின்றோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் அழைக்கிறோம். சூரியன் எழும் கரை, படும் கரை. இவ்விரு பெயர்களும் ஒருசேரப் பொருந்துவது வாவியின் நடுவே தோணியில் இருப்பவனுக்குத்தான். மீன் பிடிப்பவன் வைத்த பெயராகவே இருக்கும் என்று தம்பி மகளுக்குச் சொன்னேன். அவள் அதையும் எழுதிக்கொண்டாள். இனிய பயணம் என்று சொல்லி எல்லோரும் உறங்கப் போனோம்.

செப்டெம்பர் தொடக்கத்தில் அவர்கள் கனடாவுக்குத் திரும்பினார்கள். நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தது. மட்டக்களப்பிலும் வெள்ளம். ஆனால் மலைநாட்டில் நிகழ்ந்ததோடு ஒப்பிட எமக்கு வாயில்லை. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மலைச் சரிவுகள் வீடுகளோடு பெயர்ந்து இறங்கின. நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமானோர் மாண்டனர்.

தொலைபேசித் தொடர்பு சீரானதும் ரொறன்ரோவிலிருந்து அழைப்பு வந்தது.

"பெரியப்பா, அந்தப் பிள்ளைகள்? எங்களுக்குக் கை காட்டின பிள்ளைகள் எப்படி இருக்கினம்?"

அவள் கையில் படம் இருந்தது. மிகத் தெளிவான படம். எத்தனை பிள்ளைகள், யார் என்ன நிறச் சட்டை, லயன் கூரையில் எத்தனை தகரம் புதியது என்றெல்லாம் அதில் எண்ணலாம். ஆனால் அரசாங்கம் வெளியிட்ட பட்டியலிலோ பத்திரிகைச் செய்தியிலோ அவர்களைத் தேடுவதற்கு ஓர் ஊர்ப் பெயர் வேண்டுமே? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கைகள் பிரதேச செயலாளர் பிரிவுகளின் பெயரில் வருகின்றன. பசறை, லுணுகலை என்று அவற்றில் படிக்கலாம். அந்தப் பரந்த பெயர்களுக்குள் எந்த மலை, எந்தப் பிரிவு, எந்த லயன்? அவளோடு படிக்கும் மாணவர்கள் உதவிப் பணம் சேர்த்திருந்தார்கள். எந்த இடத்துக்கு அனுப்பலாம் என்று கேட்டாள். நாற்பது வருடங்களுக்கு மேல் செய்தி எழுதியவனிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை.

இங்கே எனது பழைய அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியபோது நான் தொழிலுக்குப் புதியவன். தென்னைகள் தலையறுந்து கிடந்த வீதிகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், எத்தனை வீடுகள், எத்தனை பேர் என்று கணக்கெடுத்து என் முதலாவது பெரிய செய்தியை எழுதிக் கொடுத்தேன். மூத்த செய்தி ஆசிரியர் அதைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். "தொகை நாளைக்கு மாறும். ஊர்ப் பெயர் மாறாது. ஊரை எழுது. வெளியூரில் இருப்பவன் தன் ஊர் அதில் இருக்கிறதா என்றுதான் தேடுவான்" என்றார். அன்று அவர் சொன்னதை 2004 டிசெம்பர் 26 ஆம் திகதிக்குப் பின்னர் கடைப்பிடித்தேன். நாவலடி, கல்லடி, திருச்செந்தூர் என்று கரையோரத்துச் சிற்றூர்களை ஒவ்வொன்றாக எழுதினேன். இலண்டனிலும் சூரிச்சிலும் இருந்தவர்கள் தம் ஊரின் பெயரைக் கண்டபின்பே தொலைபேசியை எடுத்தார்கள். ஆனால் மலையகத்தைப் பற்றி எழுத நேர்ந்தபோதெல்லாம் "மலையகத்தில் மண்சரிவு" என்று தலைப்பிட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். பல மாவட்டங்களில் பரந்து வாழும் ஒரு சமூகத்துக்கு ஒரே ஊர்ப் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

இது என் தனிப்பட்ட குறை மட்டுமல்ல. கொஸ்லந்தை மீரியபெத்தையை 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதிக்கு முன்னர் எமது வாசகர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? அன்று காலை அந்த லயன்கள் மண்ணுக்குள் போயின. மறுநாள் உலகமே அந்தப் பெயரை உச்சரித்தது. அது ஆபத்தான சரிவு என்று அதற்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கைக் கடிதத்தில் இருந்த பெயர் செய்தித் தலைப்பில் ஏறுவதற்கு மக்கள் புதைய வேண்டியிருந்தது.

எமது மாவட்டத்திலும் நிலைமை அதிகம் வேறுபட்டதல்ல. புல்லுமலையின் பெயர் அண்மைக் காலத்தில் பரவலாக அடிபட்டது 2018 இல். அங்கே அமையவிருந்த தண்ணீர்ப் போத்தல் தொழிற்சாலைக்கு எதிராக மாவட்டமே கதவடைத்தது. மயிலத்தமடு என்ற பெயரை, 2023 செப்டெம்பரில் பால் பண்ணையாளர்கள் தமது மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்த பின்னரே பலர் கேட்டார்கள். சாவு விழ வேண்டும், அல்லது போராட்டம் நடக்க வேண்டும். இரண்டும் இல்லாத ஊர் எமக்கு வெறும் காட்சி. குடும்பிமலைக்கு வெள்ளைக்காரன் ஒரு பெயர் வைத்தான். 2007 ஜூலையில் போர்ச் செய்திகள் அதைத் தொப்பிகல என்று உலகுக்கு அறிமுகப்படுத்தின. எமது வாயில் அந்த மலையின் பெயர் புழங்காமற் போனால் இன்னொருவர் சொல்லும் பெயரே நிலைக்கும் என்று மேடைகளில் முழங்குகிறோம். முழங்குகிற நாமே பதுளை வீதியில் கடந்துபோகும் தோட்டங்களை "ஏதோ தோட்டம்" என்கிறோம்.

அந்தத் தோட்டங்களுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும். தொழிலாளர்கள் தமக்குள் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்றாக இருக்கும். அதற்குள் மேல்பிரிவு, கீழ்பிரிவு என்ற உட்பிரிவுகள். இல்லாதது முகவரி. லயன் வீட்டுக்கென்று தனியான இலக்கமோ வீதிப் பெயரோ இல்லாமல், கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து ஆட்கள் மூலம் கைமாறிப் போகும் முறையைப் பற்றி மலையகச் சகோதரர்கள் பல ஆண்டுகளாகப் பேசியும் எழுதியும் வருகிறார்கள். அவர்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 2023 இல் நினைவுகூர்ந்தோம்.

ஆகவே மூன்று காரியங்களை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன். கோடிக்கணக்கில் கடன் வாங்கி வீதி போட்ட நாடு, அந்த வீதியிலிருந்து ஒவ்வொரு தோட்டத்துக்கும் பிரிவுக்கும் பிரியும் பாதையில் மும்மொழியில் ஒரு பெயர்ப் பலகை நடுவது பெரிய செலவல்ல. ஒவ்வொரு வீட்டுக்கும் தபால்காரன் நேரே வரக்கூடிய முகவரி ஒன்று கொடுப்பதும் அவ்வாறே. மண்ணுக்குள் எவரைத் தேடுவது என்று தெரிவதற்கும், நிவாரணம் எவருக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்பதற்கும் அதுவே முதற்படி. இரண்டாவது என் தொழிற் தோழர்களுக்கு: பிரதேசத்தின் பெயரோடு நின்றுவிடாமல் தோட்டத்தையும் பிரிவையும் எழுதுங்கள்.

மூன்றாவது விடுமுறைக்கு வரும் அன்பர்களுக்கு. தாராளமாக வாருங்கள். பதுளைப் பள்ளத்தாக்கையும் பாருங்கள், வாவியையும் பாருங்கள், படம் எடுங்கள். எடுக்கும் இடத்தின் பெயரை அங்குள்ள ஒருவரிடம் கேட்டு அந்தப் படத்தின் கீழ் எழுதுங்கள். பத்து நிமிடம் பிந்துவதால் பிபிலையில் சோறு ஆறிவிடாது.

பணம் எங்கே போயிற்று என்று கேட்பீர்கள். அந்தப் பகலில் நாம் பெயர் கேட்டு, இறங்கிப் பேசிய ஓரிடம் இருந்தது அல்லவா? தம்பி மகள் குறித்துவைத்த இலக்கத்தை நான் அழைத்தேன். புல்லுமலை அம்மா எடுத்தார். கணவரின் தங்கை குடும்பம் உயிரோடு ஒரு பாடசாலையில் தங்கியிருப்பதாகச் சொன்னார். பின்பு தனக்குத் தெரிந்த தோட்டங்களின் பெயர்களையும், எதில் எத்தனை குடும்பம் வெளியேறியது என்பதையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பழைய வழக்கப்படி குறித்துக்கொண்டேன். அந்தக் குறிப்பை வைத்துத்தான் மாணவர்களின் உதவி ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கை காட்டிய பிள்ளைகளைப் பற்றியும் கேட்டேன். படத்தில் இருப்பதைச் சொன்னேன். "கோயில் மேட்டுக்கு இந்தப் பக்கமா ஐயா, அந்தப் பக்கமா? வளைவுக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த ஆகஸ்டில் தம்பி மகள் மீண்டும் வருகிறாள். கல்லடிக்கு வருமுன் அதே வீதியால் போகவேண்டும் என்கிறாள். இம்முறை நான் அவசரப்படுத்தப் போவதில்லை.